கீழே செக்கு, மேலே வீடு: ‘அப்ரூவ்டு மனை’ என்றால் போதுமா?

உங்கள் கேள்வியை முதலில் என் வார்த்தையில் ஒரு தரம் சொல்லிக்கொள்கிறேன். ஓசூர் வேலையை விட்டுவிட்டு ஊர்ப்பக்கம் வந்துவிட நினைக்கிறீர்கள். கீழே இரண்டு மரச்செக்கு போட்டு எண்ணெய் ஆட்டி அங்கேயே விற்க வேண்டும், மேலே அம்மா, மனைவி, இரண்டு பிள்ளைகளோடு குடியிருக்க வேண்டும். காரிமங்கலத்துக்குப் பக்கத்தில் ஒரு மனையும் கிருஷ்ணகிரி டவுனுக்குள் ஒரு பழைய வீடும் பார்த்திருக்கிறீர்கள். மனையைக் காட்டிய தரகர், "டிடிசிபி அப்ரூவ்டு சார், என்ன வேணும்னாலும் கட்டிக்கலாம்" என்று சொல்லியிருக்கிறார். வீடும் தொழிலும் சேர்ந்து இருக்க அனுமதி உள்ள இடத்தை எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் நீங்கள் உண்மையில் தெரிந்துகொள்ள விரும்புவது, தரகர் சொன்ன அந்த ஒரு வாக்கியத்தை நம்பி அட்வான்ஸ் கொடுக்கலாமா என்பதுதான் என்று எனக்குப் படுகிறது. அதற்குப் பதில்: கொடுக்காதீர்கள், இன்னும் கொஞ்சம் பொறுங்கள். ஏன் என்பதை விவரமாகச் சொல்கிறேன்.

நான் தர்மபுரியில் 22 வருடமாகக் கட்டட வரைபடம் போட்டு அனுமதி வாங்கிக் கொடுக்கும் பொறியாளர். கீழே கடை, மேலே வீடு என்று வருகிறவர்கள்தான் என்னிடம் அதிகம். வில்லங்கம், மூலப்பத்திரம், வாரிசுத் தகராறு இதெல்லாம் வக்கீல் பார்க்க வேண்டியது. அதற்குள் நான் போகவில்லை. நிலத்தில் என்ன கட்டலாம், கட்டியதில் என்ன செய்யலாம் என்பதைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

‘அப்ரூவ்டு’ என்ற சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று முதலில் பார்த்துவிடுவோம். ஒரு பெரிய நிலத்தை மனைகளாகப் பிரித்து, சாலை விட்டு, பூங்காவுக்கு இடம் ஒதுக்கி, அந்தப் பிரிப்பை நகர் ஊரமைப்பு இயக்ககம், அதாவது டிடிசிபி, ஒப்புக்கொண்டிருக்கிறது. அவ்வளவுதான் அதன் பொருள். நம் பக்கத்து மனைப்பிரிவுகளில் பெரும்பாலானவை குடியிருப்பு மனைப்பிரிவு என்றே ஒப்புதல் வாங்கியவை. அந்த ஒப்புதல் கடிதத்திலேயே மனைகளைக் குடியிருப்புக்குத்தான் பயன்படுத்த வேண்டும் என்று நிபந்தனை இருக்கும். ஆகவே டிடிசிபி ஒப்புதல் இருக்கிறது என்பது உங்கள் வீட்டுக்கு நல்ல செய்தி. உங்கள் செக்குக்கு அது ஒன்றும் சொல்லவில்லை.

ஆனால் அதே மனைப்பிரிவு வரைபடத்தில் ஒரு விஷயத்தைத் தேடிப் பாருங்கள். தரகர் வாட்ஸப்பில் அனுப்பும் கலர் படம் எதற்கும் உதவாது. இயக்கக முத்திரையும் ஒப்புதல் எண்ணும் உள்ள அசல் வரைபடத்தின் நகலைக் கேட்டு வாங்குங்கள். அதில் மனை எண்களுக்கு நடுவே, பெரும்பாலும் நுழைவுச் சாலை ஓரத்திலோ பூங்காவுக்கு எதிரிலோ, ஒன்றிரண்டு மனைகளில் மட்டும் ‘கடை மனை’ என்று சின்ன எழுத்தில் போட்டிருக்கும். எல்லா மனைப்பிரிவிலும் இருக்காது. இருந்தால் அந்த மனை வணிகத்துக்கென்றே ஒதுக்கப்பட்டது. மனைப்பிரிவு போட்ட புதிதில் இந்த மனைகளை யாரும் சீந்துவதில்லை, வீடு கட்ட வருகிறவர்களுக்கு அது வேண்டாம். அதனால் பல வருடம் விற்காமலே கிடக்கும். உங்களைப் போன்றவர்கள் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான். கேட்டுத் தெரிந்துகொண்டவர்கள் மிகக் குறைவு என்பதால் எழுதுகிறேன்.

சரி, மண்டலம் விஷயத்துக்கு வருவோம். 1971-ஆம் வருட நகர் ஊரமைப்புச் சட்டத்தின் கீழ், முழுமைத் திட்டம் (மாஸ்டர் பிளான்) போடப்பட்ட ஊர்களில் ஒவ்வொரு சர்வே எண்ணும் ஏதாவது ஓர் உபயோகப் பகுதிக்குள் வரும். மண்டலம் என்று சொல்வது இதைத்தான். 2019-இல் வந்த ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் அந்தப் பகுதிகளில் எதெல்லாம் செய்யலாம் என்று சொல்கின்றன. ஆதாரக் குடியிருப்பு (முதன்மையாக வீடுகளுக்கு), கலப்புக் குடியிருப்பு (வீடும் தொழிலும் கலந்து), வணிகம், நிறுவனம், தொழிற்சாலை, விவசாயம் என்று போகும் அந்தப் பட்டியலில் நீங்கள் தேடுவது கலப்புக் குடியிருப்பு, அல்லது வணிகம். வணிகப் பகுதியில் வீடு கட்டக்கூடாதோ என்று பலர் பயப்படுகிறார்கள். அந்தப் பயம் வேண்டாம். கடைக்கு மேலே வீடு கட்ட வணிகப் பகுதியில் தடை இல்லை. சிக்கல் எப்போதும் எதிர்ப்பக்கத்தில்தான் வருகிறது: குடியிருப்புப் பகுதியில் தொழில் வைப்பது. ஆதாரக் குடியிருப்பில் அன்றாடச் சாமான் விற்கும் சின்னக் கடைக்கும், வீட்டோடு சேர்ந்த சிறு தொழிலுக்கும் ஓரளவு இடம் உண்டு. ஆனால் பரப்பளவு, ஆள் எண்ணிக்கை, மோட்டாரின் குதிரைத்திறன் என்று எல்லாவற்றுக்கும் உச்சவரம்பு இருக்கும். இந்த வரம்புகள் அரசாணை மூலம் அவ்வப்போது மாறுகின்றன. அதனால் எண்ணை நான் இங்கே எழுதவில்லை. நீங்கள் வாங்கும் தேதியில் என்ன வரம்பு என்று மாவட்ட நகர் ஊரமைப்பு அலுவலகத்தில் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

அதற்கு நீங்கள் முதலில் உங்கள் தொழிலை எண்ணாக எழுதி வைத்திருக்க வேண்டும். என்னிடம் வருகிறவர்களில் பத்துக்கு எட்டுப் பேர் நிலத்தோடு வருகிறார்கள், தொழிலின் கணக்கோடு வருவதில்லை. "சின்னதா ஒரு செக்கு சார்" என்பார்கள். சின்னது என்றால் எவ்வளவு? ஒரு செக்கின் மோட்டார் எத்தனை எச்பி, இரண்டு சேர்ந்தால் எத்தனை, வடிகட்டும் மெஷினுக்கு எத்தனை, எத்தனை சதுர அடியில் ஓடும், எத்தனை பேர் வேலை செய்வார்கள், எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை. அப்புறம் கடலையும் எள்ளும் காயப்போட இடம் வேண்டும், புண்ணாக்கு மூட்டை அடுக்க இடம் வேண்டும், லோடு ஆட்டோ வந்து திரும்ப இடம் வேண்டும். இவ்வளவையும் ஒரு பக்கத்தில் எழுதிக்கொண்டு அலுவலகத்துக்குப் போனால் பதில் ஐந்து நிமிடத்தில் கிடைக்கும். "வீட்டோட ஒரு பிசினஸ்" என்று பொதுவாகக் கேட்டால், அவர்களும் "பார்த்துச் சொல்றோம்" என்று பொதுவாகத்தான் சொல்வார்கள். அதைக் கேட்டுவிட்டு வந்து மனை வாங்கியவர்கள் உண்டு.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடுகிறேன். பதிவுத்துறையின் வழிகாட்டி மதிப்புப் பட்டியலில் ஒரு தெருவைக் குடியிருப்பு என்றோ வணிகம் என்றோ வகைப்படுத்தியிருப்பார்கள். அது முத்திரைக் கட்டணக் கணக்குக்காகப் போட்டது. "பதிவு ஆபீஸ்லயே கமர்ஷியல்னு இருக்கு" என்று யாராவது காட்டினால், அது மண்டலத்துக்கான சான்று ஆகாது. அதே மாதிரி பட்டாவில் புஞ்சை என்று இருப்பதும், பத்திரத்தில் ‘காலி மனை’ என்று எழுதியிருப்பதும், பக்கத்து மனையில் ஏற்கெனவே வெல்டிங் பட்டறை ஓடுவதும் உங்களுக்கு எந்த உரிமையும் தராது. பக்கத்துப் பட்டறைக்காரர் அனுமதி வாங்கித்தான் நடத்துகிறாரா, இதுவரை யாரும் புகார் கொடுக்காததால் நடத்துகிறாரா என்று வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது.

தர்மபுரி, கிருஷ்ணகிரி என்ற நம் இரண்டு மாவட்டத்திலும் உள்ள பெரிய விஷயம் என்னவென்றால், நிலப்பரப்பில் பெரும்பகுதி முழுமைத் திட்டத்துக்கு வெளியேதான் இருக்கிறது. ஓசூர், கிருஷ்ணகிரி, தர்மபுரி போன்ற ஊர்களையும் அவற்றை ஒட்டிய சில ஊராட்சிகளையும் விட்டால், பாலக்கோடு தாண்டி, அரூர் தாண்டி, ஊத்தங்கரைப் பக்கம் போனால் ‘மண்டலம் என்ன’ என்ற கேள்விக்கே வரைபடம் கிடையாது. அங்கே மண்டலம் இல்லை, ஆகவே எதையும் கட்டலாம் என்று சிலர் சொல்வார்கள். அது தவறு. திட்டம் இல்லாத பகுதியில் விவசாய நிலத்தை வேறு உபயோகத்துக்கு மாற்ற 2017-இல் தனி விதிகள் வந்திருக்கின்றன. அனுமதி வாங்காமல் கட்ட முடியாது. நஞ்சையாக இருந்தால் வேளாண்மைத் துறையிடமும் போக வேண்டியிருக்கும், அது எளிதல்ல. புஞ்சை என்றால் ஒப்பிட்டுப் பார்க்கையில் சுலபம். இதில் ஒரு நன்மையும் இருக்கிறது: மாற்றம் கேட்கும்போதே ‘தரைத்தளம் எண்ணெய் ஆட்டுதலும் விற்பனையும், மேல்தளம் குடியிருப்பு’ என்று உபயோகத்தைத் தெளிவாக எழுதிக் கேட்கலாம். தயாரான குடியிருப்பு மனையை வாங்கிவிட்டு அதை மாற்றப் போராடுவதைவிட, சாலையோரப் புஞ்சைத் துண்டை வாங்கி முதலிலிருந்தே சரியாகக் கேட்பது பல சமயம் குறைந்த செலவில் முடிந்திருக்கிறது.

முழுமைத் திட்டம் உள்ள பகுதியில் ஒரு சர்வே எண்ணின் உபயோகத்தையே மாற்றுவது வேறு கதை. உள்ளாட்சியின் தீர்மானம், பத்திரிகை அறிவிப்பு, ஆட்சேபணை கேட்பது, மேலிடத்து ஒப்புதல், அரசிதழ் என்று படிப்படியாகப் போகும். மாதக்கணக்கில் ஆகும், வருடம் தாண்டியதும் உண்டு, கிடைக்காமலும் போகலாம். "நீங்க வாங்குங்க, மாத்தித் தர்றது என் பொறுப்பு" என்று யாராவது சொன்னால், மாற்றி முடித்த பிறகு வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு எழுந்துவிடுங்கள்.

அப்புறம், காரிமங்கலம் மனையைப் பற்றி ஒரு அடிப்படைச் சோதனை. ‘பஞ்சாயத்து அப்ரூவ்டு’ என்று பழைய மனைகள் நம் பக்கம் நிறைய விற்கின்றன. ஊராட்சித் தலைவர் கையெழுத்து மட்டும் மனைப்பிரிவு ஒப்புதல் ஆகாது. 2016 செப்டம்பரில் உயர் நீதிமன்றம் இப்படிப்பட்ட மனைகளின் பதிவுக்குத் தடை போட்டது பலருக்கு நினைவிருக்கும். அதற்குப் பிறகு 2017-இல், ஒப்புதல் இல்லாத மனைகளைக் கட்டணம் வாங்கிக்கொண்டு முறைப்படுத்தும் வரன்முறைத் திட்டம் வந்தது. 2016 அக்டோபர் 20-க்கு முன் பிரிக்கப்பட்ட மனைகளுக்குத்தான் அது பொருந்தும். வரன்முறை செய்த மனை என்றால் அந்த உத்தரவையும், கட்டணம் கட்டிய ரசீதையும் பாருங்கள். வரன்முறை உத்தரவு மனையைச் சட்டத்துக்குள் கொண்டுவருகிறது. அதில் என்ன கட்டலாம் என்பதற்குத் தனியாகக் கட்டட அனுமதி வாங்கத்தான் வேண்டும்.

அனுமதி வாங்கும்போது எல்லோரும் விழும் ஒரு குழி இருக்கிறது. 2024 ஜூலையில் அரசு சுயசான்று முறையை, அதாவது விவரங்கள் சரி என்று விண்ணப்பிப்பவரே சான்று கொடுக்கும் முறையை, கொண்டுவந்தது. 2,500 சதுர அடி வரை உள்ள மனையில், 3,500 சதுர அடி வரை, தரைத்தளமும் முதல் தளமும் கொண்ட வீட்டுக்கு இணையத்தில் விண்ணப்பித்து, கட்டணம் கட்டி, உடனே அனுமதி எடுத்துக்கொள்ளலாம். நல்ல திட்டம், அலைச்சலைக் குறைத்திருக்கிறது. ஆனால் அது குடியிருப்புக்கு மட்டும். உங்கள் மனையும் இந்த அளவுக்குள்தான் வரும் என்பதால், "வீடுன்னு போட்டு எடுத்துடுவோம், கீழே அப்புறம் ஷட்டர் வெச்சுக்கலாம்" என்று யாராவது நிச்சயம் சொல்வார்கள். கேட்காதீர்கள். சுயசான்று என்றால் பொறுப்பு முழுக்க உங்கள் தலையில். பின்னால் தொழில் மின் இணைப்புக் கேட்கும்போது, உணவுப் பாதுகாப்பு உரிமத்துக்குப் போகும்போது, உள்ளாட்சியில் தொழில் உரிமம் கேட்கும்போது, வங்கிக்காரர் மதிப்பீட்டுக்கு வரும்போது என்று ஒவ்வொரு வாசலிலும் ‘அனுமதி வீட்டுக்கு, நடப்பது எண்ணெய் ஆட்டுதல்’ என்ற கேள்வி வந்து நிற்கும்.

எனக்குத் தெரிந்த ஒருவர் மாவு மில் வைத்தார். மனைப்பிரிவில் முதல் வீடு அவருடையது, சுற்றி எல்லாம் காலி மனை. நான்கு வருடம் ஒரு பிரச்சினையும் இல்லை. ஐந்தாவது வருடம் பின்மனையில் ஒரு வீடு வந்தது. அந்த வீட்டுப் படுக்கையறைச் சுவரும் இவருடைய மோட்டார் நின்ற சுவரும் எட்டடி தூரத்தில். நான் போய்ப் பார்த்தபோது பின்வீட்டு அம்மா ஒரு டம்ளரில் தண்ணீர் ஊற்றி ஜன்னல் திட்டில் வைத்தார். மோட்டார் ஓடும்போதெல்லாம் தண்ணீரில் வட்டம் வட்டமாக அலை வந்தது. அவர் சத்தம் போடவில்லை, வாதாடவில்லை, டம்ளரைக் காட்டிவிட்டுச் சும்மா நின்றார். அந்த வீட்டில் கைக்குழந்தை இருந்தது. புகார் மேலே போனது. கட்டடம் வீட்டு அனுமதியில் நின்றதால் இவர் பக்கம் பேச ஒன்றும் இல்லை. மில்லை எடுத்து மெயின் ரோட்டில் வாடகைக்கு வைத்தார், இரட்டைச் செலவு. முதலிலேயே மோட்டாருக்குத் தனி அடித்தளம் போட்டு, ரப்பர் மெத்தை கொடுத்து, சுவரை விட்டு நகர்த்தி, தெருப்பக்கம் வைத்திருந்தால் அந்தக் குடும்பமும் நிம்மதியாக இருந்திருக்கும், இவருக்கும் தொழில் நின்றிருக்காது. அனுமதி வேறு, அக்கம்பக்கம் வேறு, இரண்டும் வேண்டும்.

சத்தத்துக்குச் சட்டத்தில் அளவே இருக்கிறது. 2000-ஆம் வருட ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45. வணிகப் பகுதியில் 65, 55. இரவு என்பது பத்து மணியிலிருந்து காலை ஆறு மணி வரை. விடியற்காலை நான்கு மணிக்குச் செக்கைப் போடுவது உங்கள் திட்டமாக இருந்தால் இப்போதே மாற்றிக்கொள்ளுங்கள்.

மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தொழில்களை வெள்ளை, பச்சை, ஆரஞ்சு, சிவப்பு என்று பிரித்து வைத்திருக்கிறது. வெள்ளையில் வந்தால் தகவல் கொடுத்தால் போதும், மற்றவற்றுக்கு இசைவாணை (வாரியத்தின் அனுமதி) வேண்டும். எண்ணெய் ஆட்டுவது, சுத்திகரிப்பது, பொட்டலம் கட்டுவது எல்லாம் ஒரே வகையில் வராது. எனவே நீங்கள் செய்யப்போவது ஆட்டி வடிகட்டுவது மட்டும்தான் என்று குறிப்பிட்டு மாவட்ட அலுவலகத்தில் கேளுங்கள். இந்தப் பதிலைப் படிக்கும் வேறு யாராவது சாயம், தோல், ரசாயனம் மாதிரித் தொழிலை நினைத்திருந்தால் அவர்களுக்கு ஒரு வார்த்தை: தென்பெண்ணை ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரி அணை, காவேரிப்பட்டணம், இருமத்தூர் வழியாகத்தான் போகிறது. அதிக மாசு தரும் தொழில்களை அந்த ஆற்றிலிருந்து 5 கிலோமீட்டருக்குள் அனுமதிப்பதில்லை என்று 1998-லேயே அரசாணை இருக்கிறது. மரச்செக்குக்கு அந்தக் கவலை இல்லை.

மின்சாரம். இதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை, ஆகவே உறுதியாகவே சொல்கிறேன்: மாடிக்கு ஒன்று, கீழே ஒன்று என்று தனித்தனி இணைப்பு வாங்குங்கள். வீட்டு இணைப்பு 1ஏ கட்டண வகை, இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசமும் அதில்தான். கடைக்கு ஐந்தாம் வகை. சிறு தொழிலுக்கு 3ஏ1, அதற்கு மேல் 3பி. ஆட்டுவதும் விற்பதும் ஒரே அறையில் என்றால் எந்த வகை என்று பிரிவு அலுவலகத்தில் முன்கூட்டியே கேளுங்கள், முடிந்தால் செக்கு ஓடும் இடத்தையும் விற்பனைக் கவுண்டரையும் ஒரு சுவர் வைத்துப் பிரித்துவிடுங்கள். டாக்டர், வக்கீல் மாதிரி வீட்டோடு ஒட்டிய ஆலோசனை அறை 200 சதுர அடிக்குள் இருந்தால் வீட்டுக் கட்டணத்திலேயே போகலாம் என்று ஒரு சலுகை உண்டு. அதைக் கேள்விப்பட்டுக் கடைக்கும் பொருந்தும் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். வீட்டு இணைப்பில் மோட்டார் ஓட்டிப் பிடிபட்டால் 2003-ஆம் வருட மின்சாரச் சட்டத்தின் 126-ஆவது பிரிவில் இரண்டு மடங்கு கட்டணம் கணக்கிடுவார்கள். எப்போதிருந்து என்று தெரியாவிட்டால் பன்னிரண்டு மாதத்துக்குச் சேர்த்துப் போடுவார்கள். அந்த மனைக்கு முன்னால் மும்முனைக் கம்பி போகிறதா, மின்மாற்றி எவ்வளவு தூரத்தில் என்பதையும் போய் நின்று பாருங்கள். கம்பம் நட்டுக் கம்பி இழுக்கிற செலவு உங்கள் தலையில்தான் விழும்.

இப்போது கிருஷ்ணகிரிப் பழைய வீட்டுக்கு வருகிறேன். எனக்கு இரண்டில் அதுதான் பிடித்திருக்கிறது, பார்க்காமல் சொல்வதால் கொஞ்சம் எச்சரிக்கையோடு எடுத்துக்கொள்ளுங்கள். நம் பழைய ஊர்களில், பழையபேட்டை மாதிரித் தெருக்களில், தர்மபுரி குமாரசாமிப்பேட்டைப் பக்கம், முன்னால் கடை, பின்னால் வீடு என்று தலைமுறை தலைமுறையாக வாழ்ந்திருக்கிறார்கள். திண்ணையை அடைத்துக் கடையாக்கிய வீடுகள் எத்தனை. இப்படித் தெருக்கள் முழுமைத் திட்டத்திலும் பெரும்பாலும் கலப்புக் குடியிருப்பாகவோ வணிகமாகவோ குறிக்கப்பட்டிருக்கும். சில இடங்களில் விரிவு அபிவிருத்தித் திட்டம் என்று தெரு அளவில் இன்னொரு வரைபடமும் உண்டு. அதில் சாலை அகலப்படுத்தும் கோடு உங்கள் வீட்டு முகப்பை வெட்டிக்கொண்டு போகிறதா என்று பார்க்க வேண்டும். முன்னறை பத்தடி அதில் போய்விட்டால் கடை எங்கே வைப்பது?

கிராமத்து நத்தம் என்றாலும் இதே மாதிரிச் சாதகம் உண்டு. நத்தம் குடியிருப்புக்கென்றே ஒதுக்கிய நிலம், விவசாய நிலத்தை மாற்றும் வேலை அங்கே இல்லை. ஆனால் பத்திரமே இல்லாமல் கைமாறி வந்த நிலம் அதில் நிறைய. நத்தம் பட்டாவும் தூய அடங்கல் (நத்தம் நிலப் பதிவேடு) பதிவும் விற்பவர் பேரிலோ அவர் முன்னோர் பேரிலோ இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வக்கீலிடம் போங்கள். வங்கிக் கடனும் நத்தத்துக்குக் கொஞ்சம் இழுபறிதான். கடன் என்றதும் இன்னொன்று: வீட்டுக் கடன் வீட்டுக்குத்தான். கடைப்பகுதி பெரிதாக இருந்தால் வங்கி அதை வேறு வகைக் கடனாகப் பார்க்கும், வட்டி கூடும். வரைபடத்தைக் காட்டியே முதலில் பேசுங்கள்.

பழைய தெருவின் பெரிய குறை அகலம். எந்த இடமானாலும் டேப்பை எடுத்துக்கொண்டு போங்கள். வரைபடத்தில் முப்பதடி என்று இருக்கும், நேரில் அளந்தால் இருபத்து மூன்றடிதான் வரும். ஒரு பக்கம் படி, இன்னொரு பக்கம் சாக்கடை, கம்பம். கடைக்கான அனுமதியில் சாலை அகலமும் வண்டி நிறுத்த இடமும் வீட்டைவிடக் கடுமையாகப் பார்க்கப்படும். எதிர்ப்பக்கமாக, அகலம் வேண்டும் என்று நேராகப் பெங்களூரு – சேலம் நெடுஞ்சாலை ஓரத்துக்குப் போகாதீர்கள். தேசிய நெடுஞ்சாலையில் வாசல் வைக்கத் தனி அனுமதி, கட்டடத்துக்குத் தூரக் கட்டுப்பாடு, பிள்ளைகள் சைக்கிளில் வெளியே போனால் அம்மாவுக்கு வயிற்றில் புளி கரையும். அதிலிருந்து ஊருக்குள் பிரியும் சாலை உங்களுக்குச் சரியாக இருக்கும்: காரிமங்கலம் உள்சாலை, பாலக்கோடு ஊருக்குள், காவேரிப்பட்டணம், மொரப்பூர் ரயில் நிலையம் பக்கம். கடலை வரும், வாடிக்கையாளர் வருவார், இரவில் தூங்கவும் முடியும்.

நம் பக்கத்துக்கே உரிய ஒன்றை மறந்துவிடக்கூடாது. தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்திலும் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே அதற்காகத்தான் வந்தது. ஆழ்துளைக் கிணறு உள்ள இடமானால் ஒரு பாட்டில் தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுங்கள். லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை நல்லது, வேறு தண்ணீரே இல்லாத இடத்தில் 1.5 வரை பொறுக்கலாம், அதற்கு மேல் குடிக்கக் கூடாது. வளரும் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் பல்லுக்கும் எலும்புக்கும் இது பெரிய விஷயம். உணவுத் தொழில் உரிமத்துக்கும் தண்ணீர் அறிக்கை கேட்பார்கள், ஒரே செலவில் இரண்டு வேலை முடியும்.

உறுதியாகச் சொல்லக்கூடியது இவ்வளவு. உறுதியில்லாதது, காரிமங்கலம் மனையில் உங்கள் குதிரைத்திறன் வரம்புக்குள் வருமா என்பதும், கிருஷ்ணகிரித் தெரு எந்த உபயோகப் பகுதி என்பதும். சர்வே எண் இல்லாமல் அதை யாராலும் சொல்ல முடியாது. சொன்னால் நம்பாதீர்கள். சர்வே எண், உட்பிரிவு எண், புலப்படம் (நிலத்தின் அளவு வரைபடம்) மூன்றையும் எடுத்துக்கொண்டு மாவட்ட நகர் ஊரமைப்பு அலுவலகத்திலோ உள்ளூர் திட்டக் குழுமத்திலோ நில உபயோகச் சான்று கேட்டு எழுத்தில் மனு கொடுங்கள். வாய்ப்பதில் வேண்டாம்.

அது வருவதற்குள் விற்பவர் அவசரப்படுத்தினால், அட்வான்ஸ் ஒரு சிறு தொகையோடு நிறுத்திக்கொண்டு, ஒப்பந்தத்தில் ஒரு நிபந்தனை சேர்க்கச் சொல்லுங்கள்: தரைத்தளம் எண்ணெய் ஆட்டுதலும் விற்பனையும், முதல் தளம் குடியிருப்பு என்ற உபயோகத்துக்கு இத்தனை நாளுக்குள் அனுமதி கிடைக்காவிட்டால் முன்பணம் முழுவதும் திரும்ப வர வேண்டும். வாசகத்தை வக்கீல் எழுதட்டும். "எது வேணும்னாலும் கட்டிக்கலாம்" என்று சொன்ன தரகரை வைத்துக்கொண்டே அந்த வரியை வாசித்துக் காட்டுங்கள். விற்பவர் அதில் கையெழுத்துப் போட்டால் மேலே பேசலாம்.